பம்ப் லைனுக்குப் பித்தளை பிரஷர் ரெடியூசிங் வால்வு: வாங்கலாமா?

பன்னிரண்டு மாடிக் குடியிருப்பில் ஹைட்ரோ நியூமேட்டிக் பம்ப் (காற்று அடைத்த தொட்டியின் துணையோடு லைனில் அழுத்தத்தை வைத்திருக்கும் பம்ப்) கீழே இருக்கிறது. மேல் மாடிக் குழாயில் 2 பார் வேண்டுமென்றால், 10 மீட்டர் உயரத்துக்கு 1 பார் கணக்கில், பம்ப் 6 பாருக்குப் பக்கத்தில் தள்ள வேண்டும். அது அப்படியே தரைத்தள வீட்டுக்குள் போனால் ஹெல்த் ஃபாசெட் ஹோஸ் வெடிக்கும், கீசர் சேஃப்டி வால்வு சொட்டும். கீழ் மாடிகளுக்கு, அழுத்தத்தைக் குறைத்து அனுப்பும் இந்த பிரஷர் ரெடியூசிங் வால்வு கட்டாயம் தேவை.

ஸ்பிரிங்கும் டயாஃப்ரமும் (வளையும் ரப்பர் தகடு) கொண்ட 1 அங்குல வகை, 6 பாரை 2.5 பாராகக் குறைப்பதில் நம்பகமானது. கேஜ் (அழுத்தமானி) மாட்டும் துளையும், பைப்பை அறுக்காமல் கழற்றக்கூடிய கார்ட்ரிட்ஜும் (வால்வின் உள்பாகம்) உள்ள மாடலையே வாங்குங்கள். விலை கூடினாலும் அதுதான் லாபம். கடையில் ‘பி.ஆர்.வி.’ என்று மட்டும் கேட்டால், அதே சுருக்கப்பெயர் கொண்ட, அழுத்தம் கூடினால் தண்ணீரை வெளியே விடும் பிரஷர் ரிலீஃப் வால்வு கைக்கு வந்துவிடலாம்.

பால் வால்வு, ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி), ரெடியூசிங் வால்வு, கேஜ், மறுபடி பால் வால்வு: இதுதான் வரிசை. அம்புக்குறி நீரோட்டத் திசையில் இருக்கட்டும். மாட்டுமுன் லைனில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டெஃப்லான் டேப் துணுக்கு ஒன்று சீட்டில் (வால்வு மூடும்போது அழுந்தும் இடம்) சிக்கினாலே போதும், குழாய்களை மூடிய பின் கேஜ் முள் மெல்ல ஏறி 6 பாரைத் தொட்டுவிடும். உப்புத் தண்ணீரின் படிவும் இதையே செய்யும். வெளியேறும் அழுத்தத்தை எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுச் செட் செய்யுங்கள். குறைக்கும்போது ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் ஒரு குழாயைச் சற்றுத் திறந்து மூட வேண்டும். அடைபட்ட அழுத்தம் தானாக இறங்காது.

பைப் ஒன்றரை அங்குலம் என்பதற்காக வால்வையும் அதே அளவில் வாங்காதீர்கள். ஓட்டம் குறைவாக இருந்தால் அது அதிர்ந்து சீட்டைத் தின்னும். உள்ளே வரும் அழுத்தம் வெளியே போவதைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் இரைச்சலும் அரிப்பும் வரும். அங்கே இரண்டு வால்வுகளில் படிப்படியாகக் குறைப்பதே சரி.

இது பம்பைக் காக்காது. அழுத்தத்தைப் பார்த்துப் பம்பை ஓட்டி நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் கண்டிப்பாக இந்த வால்வுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் பம்பை நிறுத்தும் கட்-ஆஃப் அழுத்தம் ஸ்விட்சை எட்டவே எட்டாது. மூடிய லைனில் பம்ப் ஓடிக்கொண்டே இருந்து, தண்ணீர் கொதித்து மெக்கானிக்கல் சீல் (பம்ப் தண்டில் கசிவைத் தடுக்கும் பாகம்) போகும். பம்ப் டிஸ்சார்ஜில் தனி ரிலீஃப் வால்வு வையுங்கள், இடையில் எந்த மூடும் வால்வும் கூடாது. கீசர் சேஃப்டி வால்வு சொட்டுகிறதென்று யாரும் அதை அடைக்கவும் கூடாது.

கழற்றும்போது முன்னால் உள்ள பால் வால்வை மூடி, குழாயைத் திறந்து, கேஜ் பூஜ்யம் காட்டிய பிறகு பின்னால் உள்ள பால் வால்வையும் மூடி, ஸ்பிரிங் ஸ்க்ரூவை முழுதாகத் தளர்த்துங்கள். வால்வின் மூடியில் அப்புறம்தான் கை வைக்க வேண்டும்.