ஹாம்பர்க்கிலிருந்து ரயிலில் லூபெக்: ஒரு நாள் முழுதாகக் கொடுக்கலாம்

வட ஜெர்மனியில் இடைக்கால நகரம் ஒன்றை ரயிலில் போய்ப் பார்க்க லூபெக்கைப் போல் வசதியான ஊர் குறைவு. ஹன்சா வணிகக் கூட்டமைப்புக்குத் தலைமை வகித்த இந்த ஊரின் பழைய பகுதி 1987 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ஹாம்பர்க் மத்திய நிலையத்திலிருந்து ஆர்இ என்னும் வட்டார ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம்தான். பகலில் ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு வண்டி உண்டு, முன்பதிவு தேவையில்லை. கோடையில் சனி, ஞாயிறு காலைகளில் கடற்கரைக்குப் போகும் கூட்டமும் இதே வண்டியில்தான் ஏறும், கொஞ்சம் முன்னதாகவே பிளாட்பாரத்துக்குப் போய்விடுங்கள்.

இரண்டு பேரோ அதற்கு மேலோ போவதானால் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் டிக்கெட் (லூபெக் இருக்கும் மாநிலத்தின் ஒரு நாள் ரயில் டிக்கெட்) லாபம். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போய் வரலாம். ஆனால் வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் அது செல்லும். ஏறுவதற்கு முன்பே அதில் பெயரை எழுதிவிடுங்கள், எழுதாத டிக்கெட் செல்லாது. ஐசிஇ போன்ற விரைவு வண்டிகளிலும் இதைக் காட்ட முடியாது.

பழைய ஊரில் பல தெருக்கள் கல் பாவியவை, பெட்டியின் சக்கரம் தாங்காது. சுமையை ஸ்டேஷன் லாக்கரில் வைத்துவிட்டு நடந்தால் பத்து நிமிடத்தில் பழைய நகர நுழைவாயிலான ஹோல்ஸ்டன் வாயில் வந்துவிடும். 1464 முதல் 1478 வரை கட்டியது. சதுப்பு நிலம் பாரத்தைத் தாங்காமல் இறங்கியதால் கோபுரங்கள் சாய்ந்து நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். வெளிப்பக்கச் சுவர் மூன்றரை மீட்டர் தடிமன், ஊர்ப்பக்கச் சுவரோ ஒரு மீட்டருக்கும் குறைவு. பீரங்கிக்குண்டு எந்தத் திசையிலிருந்து வரும் என்று பார்த்துக் கட்டியிருக்கிறார்கள்.

அடுத்து பெட்ரி தேவாலயத்தில் லிஃப்ட் ஏறி 50 மீட்டர் உயரத்திலிருந்து ஊரைப் பாருங்கள். பழைய ஊர் சுற்றிலும் நீர் சூழ்ந்த தீவு என்பது அங்கேதான் புரியும்.

மரியன் தேவாலயத்தை அவசரமாகப் பார்க்காதீர்கள். செங்கல் வளைகூரை 38.5 மீட்டர் உயரம். 1942 மார்ச் குண்டுவீச்சில் எரிந்து விழுந்த மணிகள் தெற்குக் கோபுரத்தின் அடியில் நொறுங்கிய நிலையிலேயே கிடக்கின்றன, தரைக்கல்லும் அவற்றோடு உடைந்திருக்கிறது. ஊரிலேயே மனதை உலுக்கும் இடம் இதுதான்.

பிறகு எங்கெல்ஸ்விஷ் தெருப்பக்கம் வீடுகளுக்கு நடுவே நுழையும் குறுஞ்சந்துகளைத் தேடுங்கள். சிலவற்றில் தலை குனிந்துதான் போக வேண்டும். உள்ளே மக்கள் குடியிருக்கிறார்கள், சத்தமில்லாமல் நடங்கள், ஜன்னல்களைப் படமெடுக்காதீர்கள்.

நகர மண்டபத்துக்கு எதிரே நீடெரெகர் கஃபேயில் மார்சிபன் (பாதாமும் சர்க்கரையும் அரைத்த இனிப்பு) கேக் சாப்பிடலாம், வார இறுதியில் இடம் கிடைக்கக் காத்திருக்க நேரும். மாலையில் நேரம் மிஞ்சினால் அதே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் டிக்கெட்டில் டிராவெமுண்டே கடற்கரைக்கும் போய்வரலாம்.