ஸ்க்ரீமா, கேபின் இன் தி வுட்ஸா?

திகில் படங்களின் விதிகளையே கிண்டலடிக்கும் படங்களில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டால், தயங்காமல் 1996-ல் வெஸ் க்ரேவன் எடுத்த 'ஸ்க்ரீம்' என்பேன். இதில் வரும் பிள்ளைகள் நம்மைப் போலவே திகில் படம் பார்த்து வளர்ந்தவர்கள். "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவன் திரும்பி வரமாட்டான் என்று விதி சொல்கிறான் ராண்டி. அப்புறம் அவனே சோபாவில் தனியாக உட்கார்ந்து 'ஹாலோவீன்' என்ற திகில் படத்தைப் பார்க்கிறான். "ஜேமி, பின்னாடி பார்!" என்று திரையில் இருக்கும் நடிகையை எச்சரிக்கிறான். அவன் முதுகுக்குப் பின்னால் முகமூடிக்காரன் கத்தியோடு நிற்கிறான். ராண்டியாக நடித்தவரின் பெயரும் ஜேமிதான்! சிரிப்பும் நடுக்கமும் ஒன்றாக வரும் இடம் அது.

2012-ல் வெளியான ட்ரூ காடார்டின் 'தி கேபின் இன் தி வுட்ஸ்' வேறு ரகம். காட்டு வீட்டுக்குப் போகும் ஐந்து மாணவர்களை பூமிக்கடியில் ஓர் அலுவலகமே ஆட்டிவைக்கிறது. எந்த அரக்கன் வருவான் என்று ஊழியர்கள் பலகையில் எழுதிப் பந்தயம் கட்டுகிறார்கள். யோசனை அபாரம். ஆனால் ராண்டிக்காகப் பதறிய அளவு இந்த ஐவருக்காக நான் பதறவில்லை. சரி, லிஃப்ட்டுகள் எல்லாம் ஒன்றாகத் திறக்கும் காட்சிக்காகவே இதையும் கட்டாயம் பாருங்கள்.