ஏரிப் படமா, கத்திப் படமா, எந்த ஃப்ரெஞ்ச் திரில்லர் பாக்கலாம்?

கே (ஆணும் ஆணும்) காதல், காமம், கொலை மூணும் கலந்த ஃப்ரெஞ்ச் படம்னா எனக்கு ரெண்டுதான் ஞாபகம் வரும். ஒண்ணு 2013ல வந்த அலன் கிரோடியோட 'ஸ்ட்ரேஞ்சர் பை த லேக்'. முழுப்படமும் ஒரே ஏரிக்கரை, பின்னணி இசையே கிடையாது, காத்து, தண்ணி, கார் வந்து நிக்கிற சத்தம், அவ்ளோதான். ஹீரோ ஃப்ராங்க் மரத்துக்கு நடுவுல நின்னு பாக்குறான், தூரத்துல மிஷேல்ங்கிறவன் தன்கூட இருந்தவனையே தண்ணிக்குள்ள அமுக்கிக் கொல்றான், கேமரா கிட்டயே போகல, அவன் நிதானமா நீந்திக் கரையேறி துணி மாட்டுற வரைக்கும் நாமளும் ஒளிஞ்சு நின்னு பாத்துட்டே இருக்கோம். எல்லாம் தெரிஞ்சும் ஃப்ராங்க் அவன்கிட்டயே போறான் பாருங்க, அங்கதான் படமே ஆரம்பிக்குது. கேன்ஸ் பட விழாவுல அன் சர்ட்டன் ரிகார்ட்ங்கிற பிரிவுல டைரக்‌ஷன் அவார்டு குடுத்தது சும்மா இல்ல.

இன்னொண்ணு 2018ல வந்த 'நைஃப் பிளஸ் ஹார்ட்', யான் கோன்சாலஸ் படம், இதுக்கு அப்படியே ஆப்போசிட். 1979 பாரிஸ், கே போர்ன் எடுக்குற புரொடியூசரா வனெசா பாரடி, அவங்க நடிகர்களை முகமூடிக்காரன் ஒருத்தன் கொல்றான், கலர் கலரா லைட்டு, எம்83ங்கிற பேண்டோட மியூசிக் (அதை நடத்துறது டைரக்டரோட தம்பிதான்). ஸ்டைல் செம, ஆனா பயம் வரல.

என் ஓட்டு ஏரிக்குதான். ரெண்டுமே அடல்ட்ஸ் ஒன்லி, அதுலயும் ஏரிப் படத்துல எதையும் மறைக்கவே மாட்டாங்க, ஹால் டிவில போட்டு மாட்டிக்காதீங்க.