சொந்தமாக சர்வீஸ் செய்த காரை விற்கும்போது விலையை இப்படித்தான் அடிக்கிறார்கள்

காரை வீட்டிலேயே சர்வீஸ் செய்பவர்களிடம் பழைய கார் வியாபாரிகள் கையாளும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். போனில் நல்ல விலை சொல்வார்கள். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் சர்வீஸ் புத்தகத்தைக் கேட்பார்கள். அதில் சர்வீஸ் சென்டர் முத்திரை இல்லையென்றால் பானட்டைக்கூடத் திறக்காமல், "ஹிஸ்டரி இல்லாத வண்டி சார், எங்களுக்கு ரிஸ்க்" என்று விலையை இறக்குவார்கள். பிறகு ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் எஞ்சின் பட்டை) எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும் என்று செலவுக் கணக்குப் போட்டு மறுபடி கழிப்பார்கள். ஒரே குறைக்கு இரண்டு முறை கழிவு. இதில் ஏமாறாதீர்கள்.

டைமிங் பெல்ட் கணக்கில் குறிப்பாக உஷாராக இருங்கள். பல எஞ்சின்களில் பெல்ட்டே கிடையாது, செயின்தான். செயின் எஞ்சினுக்கும் பெல்ட் செலவு என்று சொல்லிக் கழிப்பது நடக்கிறது. காரோடு வந்த கையேட்டின் பராமரிப்பு அட்டவணையைப் பாருங்கள். பெல்ட் என்றால் எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை வருடத்தில் மாற்ற வேண்டும் என்று அதில் இருக்கும். உங்கள் எஞ்சினில் பெல்ட் இருந்து, அதை மாற்றியும் இருந்தால், அந்த ஒரு பில்லை மட்டும் எக்காரணம் கொண்டும் தொலைக்காதீர்கள். பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி எஞ்சினே வீணாகும். வாங்குபவரின் பயம் அங்கே நியாயமானது.

முத்திரை இல்லாத குறையை ஆதாரத்தால் அடைக்கலாம். ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் ஓடோமீட்டரைப் படமெடுங்கள். பழைய ஃபில்டரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பார்ட் நம்பர் தெரிய இன்னொரு படம். பில்லில் ஆயிலின் அளவும் தரக் குறியீடும் இருக்க வேண்டும். 4 லிட்டர் பிடிக்கும் எஞ்சினுக்கு 3 லிட்டர் பில் காட்டினால் விவரம் தெரிந்தவர் உடனே கேட்பார். 5டபிள்யூ-30 என்பது ஆயிலின் தடிமனை மட்டுமே சொல்லும், தரத்தைச் சொல்லாது. டிபிஎஃப், அதாவது புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர், உள்ள டீசல் காருக்கு சாம்பல் குறைவாக விடும் ஆயில் வேண்டும், தவறினால் அந்த ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இன்னொன்று: கடை பில் பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாகிறது, சில வருடங்களில் எழுத்தே மறைந்துவிடும். வாங்கிய அன்றே நகலெடுத்துவிடுங்கள்.

வியாபாரி சொல்வது எல்லாம் பொய் என்றும் இல்லை. வண்டியை லிஃப்டில் ஏற்றினால் நம் கைத்தவறு கண்ணில் படும். ஜாக் வைக்கும் இடம் தவறி ஓரத் தகடு மடங்கியிருந்தால் அதை விபத்துச் சேதம் என்றே பேசுவார்கள். பழைய ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட்டை முழு பலத்தில் முறுக்கினால், எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் அலுமினிய சம்ப்பின் மரை போய்விடும், பிறகு சொட்டு நிற்காது. பல கார்களில் 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும். உங்கள் காருக்கான அளவைக் கையேட்டில் பார்த்து முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள், வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். சுழற்றி மாட்டும் ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன்மேல் புதியதை மாட்டினால் அழுத்தத்தில் ஆயில் பீறிட்டு வெளியேறும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 155 வரை இறங்கிவிடும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். சொந்தமாக சர்வீஸ் செய்பவர்கள் பலர் மறப்பது இதைத்தான், வியாபாரி செலவுக் கணக்கில் சேர்ப்பதும் இதைத்தான்.

விற்கும் முன் எச்சரிக்கை விளக்கை அணைக்க ஸ்கேனரால் கோளாறுக் குறியீடுகளை அழிக்காதீர்கள். அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைப் பல கார்களின் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) காட்டிக்கொடுக்கும். அந்தக் கணினி தானே செய்யும் சுயபரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்பதும் தெரிந்துவிடும். அதன்பின் உங்கள் பில்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

ஏர்பேக், ஏசி கேஸ், டைமிங் பெல்ட் மூன்றையும் பட்டறையில் கொடுத்துப் பெயரோடும் கிலோமீட்டரோடும் பில் வாங்குங்கள். விலை பேசும்போது, எதற்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்று வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அதே பில் கட்டையும் படங்களையும் காட்டி, தன் மெக்கானிக்கை அழைத்து வரும் ஒருவருக்கு நேரடியாக விற்கலாம்.