வெளிவிளக்கு: அந்தி சென்சாரா, டைமரா, மோஷன் சென்சாரா, சோலாரா?

முதலில் பல்பு. 60 வாட் குண்டு பல்பு இரவில் 12 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 21.6 யூனிட். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு 3.24 யூனிட். இதில் அலச ஒன்றுமில்லை, மாற்றிவிட வேண்டியதுதான். காற்றுப் புகாத கண்ணாடிக் கூட்டுக்குள் மாட்டுவதாக இருந்தால் மட்டும், மூடிய கூட்டுக்கு ஏற்றது என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உள்ளே இருக்கும் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் சிறு சர்க்யூட்) சூட்டிலேயே செத்துவிடும்.

இனி அந்த 3.24 யூனிட்டை எது எவ்வளவு குறைக்கும் என்பதுதான் கேள்வி.

அந்தி சென்சார் இருட்டினால் போடும், விடிந்தால் அணைக்கும். ராத்திரி முழுக்க எரிவது எரிந்துகொண்டேதான் இருக்கும். காலையில் அணைக்க மறந்து ஒன்பது மணி வரை விட்டுவிடும் வீட்டில் தினமும் மூன்று மணி நேரம், அதாவது மாதம் 0.81 யூனிட் மிச்சம். மறக்காத வீட்டில் மிச்சம் எதுவுமில்லை. பொருத்தும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கும்: விளக்கின் ஒளி சென்சார் மீதே விழும். விடிந்துவிட்டது என்று அது அணைக்கும், இருட்டியதும் மறுபடி போடும். விளக்குக்கு மேலே, வானத்தைப் பார்த்தபடி வையுங்கள்.

டைமர் நள்ளிரவு எரிதலை வெட்டுகிறது. மாலை 6.30 முதல் 11 வரை என்று வைத்தால் மாதம் 1.2 யூனிட்தான். ஆள் நடமாட்டம் நேரத்துக்கு நடக்கும் வாசலுக்கு இதுவே போதும். சுற்றும் டயல் உள்ள டைமரில் மின்சாரம் போன நேரமெல்லாம் கடிகாரம் நின்றுவிடும். இரண்டு மணி நேர மின்தடைக்குப் பிறகு விளக்கு இரண்டு மணி நேரம் தாமதமாக எரியும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரில் இந்தத் தொல்லை இல்லை.

மோஷன் சென்சாரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். ஒரு நாளில் 20 தடவை, தடவைக்கு 2 நிமிடம் எரிந்தால் மொத்தம் 40 நிமிடம், மாதம் 0.18 யூனிட். ஆனால் சென்சார் விழித்திருக்கவே அரை வாட் இழுத்தால், 24 மணி நேரமும் சேர்த்து 0.36 யூனிட். விளக்கைவிடக் காவல்காரனுக்குத் தீனி இரண்டு மடங்கு! கூட்டினால் 0.54. கையால் போட்டு அணைக்கும் அதே 9 வாட் விளக்கு தினம் 2 மணி நேரம் எரிந்தாலும் இதே 0.54தான். ஆகவே தினம் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக எரியும் விளக்குக்கு இதை மாட்டினால் செலவு கூடத்தான் செய்யும். ராத்திரி முழுக்க எரிய விட்டிருந்த பக்கவாட்டுச் சந்துக்கோ மாடிப்படிக்கோ மாட்டினால் நல்ல லாபம்.

மோஷன் சென்சாரில் வழக்கமாக இருக்கும் பிஐஆர் வகை, உடல் வெப்பம் நகர்வதைப் பார்க்கிறது. குறுக்கே கடப்பவரை உடனே பிடிக்கும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் காணும். எனவே நடைபாதைக்குப் பக்கவாட்டில், இரண்டு முதல் இரண்டரை மீட்டர் உயரத்தில் பொருத்துங்கள். ஏசியின் வெளி யூனிட், காற்றில் ஆடும் கிளை, வாகனம் போகும் தெரு ஆகியவை அதன் பார்வையில் படக் கூடாது. வெயிலில் காய்ந்த சூழல் உடல் சூட்டை நெருங்கும்போது அதன் கூர்மை குறையும்.

கரன்ட் கொடுத்ததும் ஒரு நிமிடம் காத்திருங்கள். எவ்வளவு இருட்டில் வேலை செய்ய வேண்டும் என்று வைக்கும் லக்ஸ் திருகைச் சூரியன் பக்கமும், எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்று வைக்கும் டைம் திருகைக் குறைந்த அளவிலும் வைத்து, பகலிலேயே நடந்து பார்த்துவிட்டு, பிறகு லக்ஸைப் பிறைப் பக்கம் திருப்புங்கள். நியூட்ரல் (மின்சாரம் திரும்பும் வயர்) இல்லாத சுவிட்ச் பாக்ஸில் இரண்டு வயர் சென்சார் மாட்டினால், அணைந்த நிலையிலும் எல்இடி மங்கலாக எரியும் அல்லது கண் சிமிட்டும்; சென்சாருக்கான மின்னோட்டம் பல்பு வழியாகவே போவதுதான் காரணம். நியூட்ரல் கிடைக்கும் விளக்குப் பக்கத்திலேயே மூன்று வயர் வகையைப் பொருத்துங்கள்.

சோலார் விளக்கு மீட்டரைத் தொடாது, ஆனால் வயர் இழுக்க முடியாத தோட்டக் கோடிக்குத்தான் அது சரி. அட்டையில் 100 வாட் என்று போட்டிருப்பதை நம்பாமல் பேட்டரியைப் பாருங்கள்: 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர்-மணி என்றால் 7.4 வாட்-மணி. ஒரு வாட்டில் எரித்தால் ஏழு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பேனலில் மர நிழலோ தூசியோ படிந்தால் அதுவும் கிடைக்காது. பக்கத்தில் தெருவிளக்கு இருந்தால், இருட்டவே இல்லை என்று நினைத்து எரியாமலே கிடக்கும்.