பீனோவா, டேண்டியா? மகளுக்கு எதற்குச் சந்தா கட்டினேன்

போன அக்டோபரில் மகளுக்கு எட்டு வயது முடிந்தது. பாடப்புத்தகம் தவிர எதையும் தானாக எடுத்துப் படிக்காத பிள்ளை. படக்கதை கொடுத்துப் பாருங்கள் என்றார் அவளுடைய ஆசிரியை. இங்கே இங்கிலாந்தில் சிறுவர்களுக்கான சிரிப்புப் படக்கதை என்றால் முதலில் வரும் பெயர்கள் இரண்டுதான்: பீனோ, டேண்டி. பக்கத்து வீட்டுப் பெரியவர் டேண்டி கட்சி. பரணிலிருந்து ஒரு பெட்டி நிறைய டேண்டி ஆண்டு மலர்களை இறக்கிக் கொடுத்தார். பீனோ நூலகத்தில் கிடைத்தது. நாலு மாதம் இரண்டையும் அவளோடு உட்கார்ந்து படித்தேன். கடைசியில் பீனோவுக்குத்தான் வருடச் சந்தா கட்டினேன்.

நம்மில் பலருக்கு பிரிட்டிஷ் காமிக்ஸ் என்றாலே இரும்புக்கை மாயாவியும் ஸ்பைடரும்தான். அவை லண்டனின் ஃப்ளீட்வே நிறுவனத்துச் சாகசக் கதைகள். நான் சொல்லும் இரண்டும் வேறு குடும்பம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் டி.சி. தாம்சன் என்ற ஒரே நிறுவனம் பெற்ற பிள்ளைகள். டேண்டி மூத்தது, 1937 டிசம்பர் 4. பீனோ அடுத்த வருடம் ஜூலை 30. தாள், அச்சு, விலை எதிலும் நெடுங்காலம் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. ஓவியர்கள்கூட இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வேலை செய்தவர்கள்தான்.

டேண்டியின் வார இதழ் 2012 டிசம்பர் 4 அன்று, சரியாக 75 வயதில், அச்சில் நின்றுபோனது. இப்போது ஆண்டு மலர் மட்டும் வருகிறது. அப்படியானால் ஒப்பிட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பழைய டேண்டி மலர்கள், நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் சாரிட்டி கடைகளில் ஓரிரு பவுண்டுக்குக் கிடைக்கின்றன. ஒரு வருடச் சந்தாப் பணத்தில் ஒரு அலமாரியையே நிரப்பிவிடலாம். எனக்கும் முதலில் அந்த யோசனைதான் இருந்தது.

டேண்டியின் பெரிய சொத்து டெஸ்பரேட் டேன். முதல் இதழிலிருந்தே இருக்கிற ஆள், டட்லி வாட்கின்ஸ் வரைந்தது. மேசை அகலத்துக்கு, மாட்டுக்கறியை மாவால் மூடிச் சுட்ட ஒரு ‘பை’, அதன் மேல்மாவைத் துளைத்துக்கொண்டு இரண்டு கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். டேனுக்கு அதுதான் சாப்பாடு. தாடியை மழிக்கச் சாதாரணக் கத்தி போதாது, தீ கக்கும் புளோலாம்ப் வேண்டும். ஊர் பெயர் கேக்டஸ்வில், அமெரிக்கக் கௌபாய் ஊர். ஆனால் தெருவில் நிற்பதோ பிரிட்டிஷ் விளக்குக் கம்பமும் சிவப்புத் தபால் பெட்டியும். அந்தக் கலவையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பிடிக்கிறது. வாட்கின்ஸின் கோட்டில் இருக்கும் உறுதியைப் பின்னால் வந்த யாரும் தொட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஓவியம் மட்டும்தான் கணக்கு என்றால் டேண்டி பக்கம் சாய்ந்திருப்பேன்.

ஆனால் பிள்ளை படிப்பது ஓவியத்துக்காக மட்டும் இல்லையே. ஒரே பாத்திரம் வாராவாரம் வரும்போது, அந்தச் சிரிப்பு எவ்வளவு சீக்கிரம் தேய்கிறது? என் முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு கேள்விதான்.

டேன் கதையில் சிரிப்பு அவன் பலத்தில் இருக்கிறது. கதவைத் திறக்க இழுத்தால் சுவரே கையோடு வரும். முதல் கதைக்கு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்தாவது கதையில் டேன் கைப்பிடியைத் தொடும்போதே, “இதுவும் உடையப்போகுது” என்று பக்கத்தைத் திருப்பிவிட்டாள். அப்புறம் இன்னொரு கேள்வி: “அப்பா, கௌபாய்னா யாரு?” 1937இல் எந்த பிரிட்டிஷ் சிறுவனும் அதைக் கேட்டிருக்க மாட்டான். வாராவாரம் தியேட்டரில் கௌபாய் படம் பார்த்த தலைமுறை அது. அந்த முன்னறிவு போனதும் டேன் சிரிப்பில் பாதி போய்விடுகிறது.

பீனோவின் ரோஜர் த டாட்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். 1953இல் வந்தவன். வீட்டு வேலையிலிருந்து தப்பிக்க விதவிதமாகத் திட்டம் போடுவான். அதற்கென்று தந்திரப் புத்தகங்களே அடுக்கி வைத்திருக்கிறான். திட்டம் கடைசியில் கவிழும், அது மகளுக்கும் முதல் கட்டத்திலேயே தெரியும். ஆனால் எப்படிக் கவிழும் என்று தெரியாது. டேன் கதையில் முடிவும் தெரிகிறது, போகிற வழியும் தெரிகிறது. ரோஜர் கதையில் முடிவு மட்டும்தான் தெரிகிறது. அந்த இடைவெளிக்காகத்தான் அவள் வாராவாரம் திரும்பி வருகிறாள்.

பீனோவின் மற்ற குறும்புக்காரர்களான டென்னிஸ், மின்னி, பேஷ் தெருப் பள்ளி வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் இதே கட்டுமானம்தான்: ஒரு பக்கம் குழந்தை, எதிரில் அப்பாவோ வாத்தியாரோ. 1951இல் டேவிட் லா வரைந்த டென்னிஸுக்கும் அப்பா உண்டு, இன்று படிக்கிற பிள்ளைக்கும் அப்பா உண்டு. கௌபாய்போல இது வழக்கொழிந்து போகாது. பேஷ் தெரு வகுப்புக்குத் தூண்டுதலே நிறுவனத்தின் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த டண்டீ பள்ளிக்கூட மைதானம்தான் என்பார்கள். 1954இல் லியோ பாக்ஸெண்டேல் தொடங்கியதை டேவிட் சதர்லேண்ட் 1962இல் கையில் எடுத்து, 2023 ஜனவரியில் இறக்கும்வரை வரைந்தார். வாத்தியாருக்கு இத்தனை வருடமாக வாத்தியார் என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது. மகளுக்கு அதில் அவ்வளவு திருப்தி.

இரண்டு இதழ்களின் அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலும் இது தெரியும். பீனோவின் முதல் அட்டையில் எக்கோ என்ற தீக்கோழி. 1948இல் பிஃபோ என்ற கரடி. 1974இல் கரடியை நகர்த்திவிட்டு டென்னிஸ். மிருகத்திலிருந்து குழந்தைக்கு வந்துவிட்டார்கள். டேண்டி அட்டையில் 1984 வரை கோர்க்கி என்ற கறுப்புப் பூனை, அதன்பின் டேன். பூனையிலிருந்து தாடி முளைத்த ஆளுக்குப் போனார்கள். படிக்கிற பிள்ளை தன் முகத்தை அட்டையில் பார்க்கும் வாய்ப்பு பீனோவுக்குத்தான் அமைந்தது. 1950இல் பீனோ வாரத்துக்கு ஏறக்குறைய 20 லட்சம் பிரதி விற்றது, டேண்டியும் அதோடு தோளோடு தோள் நின்றது. 2012இல் டேண்டி எட்டாயிரத்துக்கும் கீழே. பீனோவோ 2019இல் 4000ஆவது இதழைத் தொட்டது. கம்ப்யூட்டர் விளையாட்டு வந்ததுதான் காரணம் என்றால் அது இரண்டுக்கும்தானே வந்தது? அட்டை ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கடைசிக் கால டேண்டியை வாராவாரம் வாங்கிப் படித்தவன் இல்லை நான், எனக்குத் தெரிந்தது மலர்கள் வழியாகத்தான்.

தேய்மானத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. பழைய டென்னிஸ் கதைகள் பலவற்றில் கடைசிக் கட்டம் ஒன்றுதான்: அப்பாவின் மடியில் குப்புறக் கிடக்கும் டென்னிஸ், அப்பா கையில் செருப்பு. அதை 1980களில் விட்டுவிட்டார்கள். வால்டர் என்ற பையன் சாதுவாக, பூவை ரசிப்பவனாக இருந்தான் என்பதற்காகவே டென்னிஸ் அவனைப் படுத்துவான். இன்றைய வால்டர் மேயரின் மகன், சூழ்ச்சிக்காரன், டென்னிஸுக்குச் சமமான எதிரி. பேஷ் தெரு வகுப்பில் ‘ஃபேட்டி’ (குண்டன்) என்று கூப்பிடப்பட்ட பையன் 2021இல் ஃப்ரெடி ஆனான், ‘ஸ்பாட்டி’ (முகமெல்லாம் புள்ளி உள்ளவன்) ஸ்காட்டி ஆனான். பழைய வாசகர்கள் சிலருக்கு இதில் வருத்தம், பக்கத்து வீட்டுப் பெரியவர் உட்பட. நான் இதை முழு மனதோடு ஏற்கிறேன். மகள் வகுப்பிலும் பருமனான பையன் ஒருவன் இருக்கிறான். படக்கதையில் கற்ற பெயரால் அவள் அவனைக் கூப்பிட்டுவிடக் கூடாது. பெயர் மாறிய பிறகும் ஃப்ரெடி அதே அளவு சாப்பிடுகிறான், சிரிப்பு ஒரு துளி குறையவில்லை. பழைய மலர்களைப் படிக்கும்போதோ அங்கங்கே நிறுத்தி நான் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. படுக்கப்போகும் நேரத்தில் அது சுகமான வேலை இல்லை.

டேண்டியை ஒதுக்கச் சொல்லவில்லை. வருடம் ஒரு மலர் கிறிஸ்துமஸுக்கு வாங்கித் தரலாம், தாத்தா வயதுக்காரர்கள் கூட உட்கார்ந்து படிக்க அதுபோல வேறில்லை. சிறுவயதில் டேண்டியில் தன் படம் வர ஆசைப்பட்ட பீட்டில்ஸ் பாடகர் பால் மெக்கார்ட்னிக்கு, கடைசி அச்சு இதழில்தான் அது நிறைவேறியது. அந்த அளவுக்கு இந்த ஊர் அதை நேசித்திருக்கிறது. வாழைப்பழம் தின்றதும் மாவீரனாகிவிடும் டேண்டியின் பனானாமேனும் 2012இல் பீனோவுக்குக் குடிவந்துவிட்டான், அதனால் அவனை இழக்கவும் வேண்டாம்.

எங்கள் வீட்டில் வென்றது கடைசியில் டென்னிஸ்கூட இல்லை, 1968இல் வந்த அவனுடைய நாய் நாஷர். டென்னிஸின் தலைமுடியை வரை, நாலு மூலையிலும் கால் வை, முன்னால் இரண்டு கண் வை என்று ஓவியருக்குச் சொல்லித்தான் அந்த நாய் பிறந்ததாம். மகளுக்கு அதைச் சொன்னேன். அன்று மாலைக்குள் ஒரு நோட்டு முழுக்க முடிக்கொத்துகள் கால் முளைத்து ஓடிக்கொண்டிருந்தன. நாஷர் பேசும்போது ‘என்’ எழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் ஒலிக்காத ஒரு ‘ஜி’ சேர்ந்துகொள்ளும். நான் சொல்லித் தரவில்லை, அவளே கண்டுபிடித்தாள். இப்போது அவள் அறைக் கதவில், தம்பிக்கு அனுமதி இல்லை என்று ஒரு அட்டை தொங்குகிறது. ‘நோ’ என்ற சொல்லுக்கு முன்னால் பெரிதாக ஒரு ‘ஜி’, பக்கத்தில் பல்லைக் காட்டும் ஒரு முடிக்கொத்து.