மென்பொருளா, ப்ளூ புக்கா, வைவாவா?

அசைன்மென்டைப் பிள்ளையே எழுதியதா, ஏஐ எழுதியதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெங்களூரு கல்லூரி ஸ்டாஃப் ரூமில் இதற்கு இப்போது மூன்று கட்சி. அசைன்மென்டை ஏஐ கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்தால் போதும் என்பது ஒன்று. எல்லாவற்றையும் வகுப்பிலேயே ப்ளூ புக்கில், அதாவது கையால் எழுதும் தேர்வு நோட்டில், எழுத வைப்போம் என்பது இன்னொன்று. கூப்பிட்டு வைவா (வாய்மொழித் தேர்வு) வை என்பது மூன்றாவது. நான் மூன்றாவது கட்சி, சில நிபந்தனைகளோடு.

மென்பொருள் கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐயே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை ஏழு மென்பொருட்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை ஏஐ எழுதியது என்று அவை முத்திரை குத்தின. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் மட்டும் ஆங்கிலம் என்று அல்சூரிலிருந்து வரும் பிள்ளையை இதன் முன்னால் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

ப்ளூ புக்கில் யார் எழுதியது என்ற சந்தேகம் வராது. ஒரு மணி நேரத்தில் அறுபது பேருக்கும் தேர்வு முடிந்துவிடும். ஆனால் அங்கே சோதிக்கப்படுவது பெரும்பாலும் ஞாபகமும் கைவேகமும்தான். தகவல் திரட்டி, தப்புப் பண்ணி, திருத்தி எழுத அதில் இடமில்லை. (கையெழுத்தைப் படிக்கும் பாடு தனி.)

புள்ளியியல் வகுப்பில் நான் கொடுக்கும் வேலை இது: மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் நின்று, ஒரு வழித்தடத்தின் பஸ்களுக்கு இடையே எத்தனை நிமிடம் என்று குறித்து அறிக்கை எழுத வேண்டும். ஏஐ உதவி வாங்கலாம், எதற்கு என்று எழுதிவிட வேண்டும். அப்புறம் ஆளுக்கு ஐந்து நிமிடம் வைவா. "இந்த 42 நிமிடத்தை ஏன் சராசரியில் சேர்க்கலை?" என்று கேட்டால், அங்கே நின்றவன் "அன்னிக்கு மழை சார், ரெண்டு பஸ் சேர்ந்தே வந்துச்சு" என்பான். நிற்காதவன் தன் அறிக்கையையே புதுசாகப் பார்ப்பதுபோல் புரட்டுவான்.

சரி, செலவு? அறுபது பேருக்கு ஐந்து மணி நேரம். கூச்சப்படும் பிள்ளைகள் தடுமாறுவார்கள். அவர்களிடம் தமிழிலோ கன்னடத்திலோ கேட்டுவிடலாம். முகம் பார்த்து மார்க் போடும் ஆபத்துதான் பெரிசு. விடைத்தாளில் பெயரை மறைக்கலாம், எதிரே இருப்பவரை எப்படி மறைப்பது? அதனால் இன்னொரு ஆசிரியரும் கூட உட்கார வேண்டும், இருவரும் தனித்தனியாக மார்க் போட வேண்டும்.

வகுப்பில் நூற்றிருபது பேர் என்றால் இது நடக்காது. அப்போது நானும் ப்ளூ புக் கட்சிக்குத் தாவிவிடுவேன். ஆனால் அந்த ப்ளூ புக்கில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அவரவர் அறிக்கையை அவரவர் கையில் கொடுத்து, "உன் இரண்டாவது அட்டவணையில் எந்த எண்ணை நீ நம்பமாட்டாய், ஏன்?"